பந்தோபஸ்து பண்ணியாச்சா?

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் ஒருவர் "பந்தோபஸ்து" என்றால், சொன்ன ஆள் யார் என்று தெரிந்தால்தான் பொருள் பிடிபடும். லோடு ஏற்றுகிறவர் சொன்னால் கயிறும் பெல்ட்டும். போலீஸ்காரர் சொன்னால் டூட்டி. பழைய கர்ணம் வீட்டுப் பெரியவர் சொன்னால் நிலவரி. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து வல்லத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் சொன்னால் பெரும்பாலும் சோறு.

அந்தக் கடைசிப் பொருளை எங்கள் கம்பெனி கேட்டில்தான் கேட்டேன். ராத்திரி ஷிஃப்ட். ஓவர்டைம் முடித்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் செக்யூரிட்டி அண்ணனிடம் நின்று, "பந்தோபஸ்த் நஹீ ஹுவா" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அண்ணன் போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். "எதுக்குப்பா பந்தோபஸ்து? காலையில யாராச்சும் வர்றாங்களா?" என்று பதறிப்போய் ரிஜிஸ்டரைப் புரட்டுகிறார். மந்திரியோ கலெக்டரோ வரப்போகிறார், தனக்குத் தகவல் வரவில்லை என்று அவருக்குக் கவலை. பையன் சொல்லவந்தது வேறு. கேன்டீன் மூடிவிட்டது, அவன் செட்டுக்குச் சாப்பாட்டு ஏற்பாடு ஆகவில்லை. இந்தியில் பந்தோபஸ்த் என்றால் ஏற்பாடு. கல்யாணத்துக்குப் பந்தல், சமையல், வண்டி என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற எல்லாமே அங்கே பந்தோபஸ்த்தான்.

நம் பாட்டிமார் பேச்சிலும் அந்தப் பொருள் இருந்தது. "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டைப் பந்தோபஸ்து பண்ணிட்டுப் போ" என்பார் என் ஆயா. கதவைப் பூட்டுவது மட்டும் அதில் அடங்காது. மாட்டுக்குத் தீனி, வாசலில் ராத்திரி லைட் போட ஓர் ஆள், அரிசிப் பானைக்கு மூடி, எல்லாம் சேர்த்துத்தான். காசையும் பட்டாவையும் அவர் வைத்திருந்த விதத்துக்கும் அதே சொல்தான். காசு முந்தானை முடிச்சில், பட்டா டிரங்குப் பெட்டியில் வேட்டித் துணி சுற்றி. "பந்தோபஸ்தா இருக்குடா" என்று சொல்லும்போது இடுப்பில் இருக்கும் முடிச்சை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

எனக்கு இந்தச் சொல் கை வழியாகத்தான் பழக்கம். வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று இந்த வட்டாரத்தில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் பாகம் சுமந்து போகிறவைதான் என்று சாலையைப் பார்த்தால் தோன்றும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. பிறகு ஒரகடத்தில் ரெனோ நிசான், டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பின்னால் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் ஒரு படை.

வார்ப்பிரும்புப் பாகங்களைப் பேலட்டில் அடுக்கி, மூலைக்கு அட்டை கொடுத்து, ஸ்ட்ராப் போட்டு, ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றி வண்டியில் ஏற்றுகிறோம். இதுவரைக்கும் மெஷின் வேலை. பந்தோபஸ்து அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். எங்கள் லோடு மேஸ்திரி ராட்செட் பெல்ட்டை இழுத்துப் பூட்டிவிட்டு, உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். "தம்புரா கம்பி மாதிரி சத்தம் வரணும். தொப்புனு கேட்டா அவுத்துத் திரும்பக் கட்டு." பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்தால் விடமாட்டார். முறுக்கு விழுந்த பெல்ட் ஓட்டத்தின் அதிர்வில் தானாகத் தளரும். பிறகு பேலட்டுக்கு முன்னும் பக்கவாட்டிலும் மரக்கட்டை அடித்து முட்டுக் கொடுப்பார். புதிதாக வந்த பையன், "பெல்ட்தான் இருக்கே மேஸ்திரி, முட்டு எதுக்கு?" என்று கேட்டான். "பெல்ட்டு தூக்கிப் போடாம புடிக்கும். டிரைவர் பிரேக்க அடிச்சா முன்னாடி ஓடுறத யாரு புடிக்கிறது? கட்டும் வேணும், முட்டும் வேணும்" என்றார். சுங்குவார்சத்திரம் சிக்னலில் குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்தால் டிரைவர் என்ன செய்வார் என்பது மேஸ்திரிக்குத் தெரியும். நாலு டன் இரும்பு கேபினை நோக்கி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

பாரசீகத்தில் இந்தச் சொல்லின் உடம்பே இதுதான். "பந்த் ஓ பஸ்த்". நடுவில் இருக்கும் "ஓ" நம் "உம்" மாதிரி. பஸ்தன் என்றால் கட்டுதல். அந்த வினைச்சொல்லின் நிகழ்கால அடி பந்த், இறந்தகால அடி பஸ்த். ஒரே வினையை இரண்டு உருவத்தில் அடுத்தடுத்து வைத்துச் சொன்னால், கட்டிக் கட்டி முடித்தது, ஓர் இழையும் தொங்காமல் இறுக்கியது என்று ஆகிறது. நாம் "கட்டுக்கோப்பு" என்று சொல்லவில்லையா, அதே போல.

இந்தப் பந்த் பெரிய குடும்பம். சமஸ்கிருதத்தின் பந்தமும் சம்பந்தமும் பிரபந்தமும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு, ஏனென்றால் பாரசீகமும் சமஸ்கிருதமும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. கடையடைப்பைக் குறிக்கும் "பந்த்" இந்தி வழியாக வந்த அதே பாரசீகச் சொல். "பாரத் பந்த்: பலத்த போலீஸ் பந்தோபஸ்து" என்று பேப்பரில் வரும் தலைப்பில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கிறார்கள். வருஷாவருஷம் தாலுகா ஆபீஸில் நிலவரிக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியிலும் இந்தப் பந்த் உண்டு. இங்கிலீஷின் பாண்டும் தூரத்துச் சொந்தம்தான். டிரெயினிங்கில் சேரும் பையன்களிடம் கையெழுத்து வாங்கும் பாண்டு, சுங்கத் தீர்வை கட்டாத சரக்கைப் பூட்டி வைக்கும் பாண்டட் வேர்ஹவுஸ், இரண்டும் கட்டிப் போடுகிற சமாசாரமே.

பாரசீகத்தில் பந்த் என்றால் அணைக்கட்டும் கூட. இங்கிலீஷ்காரர்கள் அதைப் "பண்டு" என்று எடுத்துக்கொண்டார்கள். ஷாங்காய் நகரத்தின் பிரபலமான நதிக்கரைச் சாலைக்குப் பண்டு என்று பெயர் வந்தது இப்படி. நம் பொதுப்பணித் துறையில் இன்றைக்கும் ஏரிக்கரையைப் "பண்டு" என்கிறார்கள். செங்கல்பட்டுச் சீமையில் கரை கட்டுவதுதான் ஆதிப் பந்தோபஸ்து என்று எனக்குத் தோன்றும். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற கலெக்டர் லயனல் பிளேஸ், 1794 முதல் 1798 வரை இந்தப் பகுதியை ஆண்ட அசல் மனிதர். ஏரிக்கரை மழைக்குத் தாங்குமா என்ற கவலையில் அவர் ராத்திரி போய்ப் பார்த்தபோது வில்லோடு இருவர் காவல் நின்றதாக ஊர் சொல்கிறது.

பிளேஸ் ஆண்ட பகுதிக்கு அன்றைக்கு இருந்த பெயரும் பாரசீகம். ஜாகீர். "ஜா" இடம், "கீர்" பிடித்தல். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த ஜாகீர்தான் பிறகு செங்கல்பட்டு ஜில்லா ஆனது. ஒரகடம் வழியாகப் போகும் வண்டலூர் சாலையின் மறுமுனை வாலாஜாபாத். அந்த நவாபின் பட்டப்பெயரோடு பாரசீக "ஆபாத்" சேர்ந்த ஊர். நவாபின் தர்பாரில் எழுத்து மொழி பாரசீகம். அவரிடம் கணக்குக் கொடுத்த தமிழ்க் கணக்கரும், அவரோடு கடிதம் பேசிய கம்பெனித் துரையும், நடுவில் நின்ற துபாஷியும் அந்தச் சொற்களிலேயே புழங்கியாக வேண்டும். தாசில், தஸ்தாவேஜு, ரசீது, குமாஸ்தா, பிராது, ராஜினாமா எல்லாம் அப்படி வந்தவை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பைத் திறந்தால், 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ் இந்தச் சரக்கை எவ்வளவு இயல்பாகச் சுமந்தது என்று தெரியும்.

கம்பெனிக்காரர்கள் பந்தோபஸ்து என்றபோது அவர்கள் மனதில் முதலில் இருந்தது நிலம். எந்த நிலம் யாருடையது, அதில் என்ன விளையும், அதற்கு எவ்வளவு தீர்வை, யார் கட்டுவது என்று ஒரே கட்டாகக் கட்டி எழுதிவைப்பது. இந்தியில் இன்றும் நிலவரித் திட்டத்துக்குப் பந்தோபஸ்த் என்றே பெயர். 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் ஏறக்குறைய 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எந்தக் கோயிலுக்கு என்ன மானியம் என்று ஊர் ஊராக. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சாசுவத நிலவரித் திட்டம் இங்கேயும் வந்தது. கிராமங்கள் மிட்டா என்ற சின்ன ஜமீன்களாக ஏலம் போயின. வாங்கினவர்களில் பலர் கிஸ்து என்ற வரித் தவணையைக் கட்ட முடியாமல் விழுந்தார்கள். 1820-ல் தாமஸ் மன்றோ கவர்னராக வந்ததும் ரயத்துவாரி நிலைத்தது. விவசாயியின் பெயரிலேயே பட்டா.

எல்லா விவசாயியின் பெயரிலும் வந்துவிட்டதா என்றால் இல்லை. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். செங்கல்பட்டில் மிராசு என்ற பரம்பரை நில உரிமை பலமாக வேரூன்றி இருந்தது. தரிசு நிலத்தைக் கேட்டுச் சர்க்காருக்குக் கொடுக்கும் மனுவுக்குத் தர்காஸ்து என்று பெயர், அதுவும் பாரசீகம். சேற்றில் இறங்கி உழுத பறையர் ஒருவர் தர்காஸ்து கொடுத்தால், ஊர் மிராசுதாருக்கே முதல் உரிமை என்று சொல்லி அதை மடக்க வழி இருந்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் இதை விவரமாக எழுதி மேலே அனுப்பினார். மறு வருஷம் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அதுதான். அந்த நிலமும் பல இடங்களில் கை மாறிப் போனது. 1994-ல் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து, ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். நிலத்தைக் கட்டி எழுதிய பந்தோபஸ்தில் விட்டுப்போன ஒரு முடிச்சுக்கு நூறு வருஷம் கழித்து இரண்டு உயிர் போனது.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் தமிழாக்கியபோது, நிலப் பந்தோபஸ்து "நிலவரித் திட்டம்" ஆனது. நல்ல சொல். ஜமாபந்திக்கு "வருவாய்த் தீர்வாயம்" என்று வைத்தார்கள், அதுவும் நல்ல சொல்தான், ஆனால் மே மாதம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கும் கூட்டத்தில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "ஜமாபந்தியில மனு குடுத்திருக்கேன்" என்றுதான் பேச்சு. பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கு இன்றும் ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் பெயர் மாறிப்போனவர்கள், அளவு குறைந்துபோனவர்கள், இன்னும் ஒவ்வொரு ஜமாபந்திக்கும் வருகிறார்கள். இங்கே அது வெறும் காகிதப் பிரச்சினை இல்லை. அரசின் சிப்காட் தொழிற்பேட்டைக்காக நிலம் எடுக்கும்போது யார் பெயரில் பட்டாவோ அவருக்கே நஷ்டஈடு. அடங்கலில் ஒரு வரி தப்பாக இருந்தால், நாற்பது வருஷம் உழுதவர் நோட்டீஸில் இருக்கமாட்டார்.

நிலத்தை விட்டு இறங்கிய பந்தோபஸ்தின் இடத்தை ஜனங்கள் பேச்சில் "செட்டில்மென்ட்" எடுத்துக்கொண்டது. பெண்ணுக்குத் தான செட்டில்மென்ட் எழுதுகிறார்கள். தொழிற்சாலைக்குள் வந்தால் செட்டில்மென்ட் என்பது சம்பள ஒப்பந்தம். பன்னிரண்டு மூன்று செட்டில்மென்ட், பதினெட்டு ஒன்று செட்டில்மென்ட் என்று, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்களைத் தொழிற்சங்கத்துப் பையன்கள் சரளமாகச் சொல்வார்கள். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போட்டால் முதலாவது, நிர்வாகமும் சங்கமும் நேருக்கு நேர் போட்டுக்கொண்டால் இரண்டாவது. தகராறு தீர்ந்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, சொன்னதைக் காகிதத்தில் கட்டி வைப்பது. பழைய பந்தோபஸ்துக்கு இதைவிடப் பொருத்தமான வாரிசு இல்லை.

இதில் எனக்கு ஆச்சரியமான ஒரு சங்கதி உண்டு. சொல்லைப் பெற்றெடுத்த ஈரானில் இன்று பந்த் ஓ பஸ்த் என்றால், திரைமறைவில் இரண்டு தரப்பு பேசி முடித்துக்கொள்ளும் கள்ள ஏற்பாடு. ஊழல் செய்தியில் வரும் சொல். இந்தியாவில் ஒழுங்கையும் பாதுகாப்பையும் குறிக்கிறது, பிறந்த வீட்டில் உள்ளடியைக் குறிக்கிறது. இரண்டுக்கும் கட்டுதல்தான் அடிப்படை. பேரம் பேசுகிற அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், வெளியே நிற்பவர்களுக்கு அது தெரியுமா என்பதில்தான் வித்தியாசம். செட்டில்மென்ட் பேச்சு நடக்கிற வாரங்களில் கேன்டீன் மேஜைகளில் ஓடும் முணுமுணுப்பைக் கேட்டவர்களுக்கு ஈரான்காரர்கள் சொல்வது நன்றாகவே விளங்கும்.

தமிழில் இன்று மிச்சமாக உயிரோடு இருப்பது போலீஸ் பந்தோபஸ்து. தினத்தந்தி படித்து வளர்ந்த யாரிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூரில் இதற்குத் தனிக் கனம் உண்டு.

1991 மே 21. காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காகப் பிரச்சாரம் செய்ய முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ராத்திரி பத்து மணி தாண்டி வந்தார். மைதானத்தில் தடுப்புக் கட்டை இருந்தது, போலீஸ் இருந்தது, யார் யார் மாலை போடுவது என்று பட்டியல் இருந்தது. பட்டியலில் இல்லாத ஒரு பெண் சந்தன மாலையோடு உள்ளே காத்திருந்தாள். அவள் கட்டியிருந்த குண்டு வெடித்ததில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவில் இருந்த படங்கள் அதைக் காட்டின. ராஜீவோடு இறந்தவர்களில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸாரும் பலர், போலீஸ் சூப்பிரண்டு முகமது இக்பால் உட்பட. பாதுகாப்பில் எங்கே ஓட்டை விழுந்தது என்று விசாரிக்க நீதிபதி வர்மா தலைமையில் தனிக் கமிஷன் அமைத்தார்கள். எஸ்.பி.ஜி. பாதுகாப்பு 1988-ஆம் வருஷச் சட்டப்படி பதவியில் இருக்கும் பிரதமருக்கு மட்டுமே என்றிருந்ததை, முன்னாள் பிரதமருக்கும் உண்டு என்று 1991-லேயே திருத்தினார்கள். நினைவிடத்தைத் தாண்டி தினமும் கம்பெனி பஸ்ஸில் போகும்போது எனக்கு எங்கள் மேஸ்திரி சொல்வதுதான் நினைவுக்கு வரும். ஆள் இருந்தார்கள், கட்டை இருந்தது, முட்டு இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவரைத் தள்ளி நிறுத்துகிற அந்த ஒரு காரியம் எல்லார் கையையும் நழுவிப்போனது.

என் சித்தப்பா ஏட்டாக இருந்தவர். பந்தோபஸ்து டூட்டி என்றால் விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டு, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு முனையில் இறக்கிவிடுவார்கள், வி.ஐ.பி. போய் முடிகிறவரைக்கும் நிற்க வேண்டும் என்பார். சாப்பாட்டுப் பொட்டலம் வரும்போது சாம்பார் ஊறிப் பிசுபிசுவென்று இருக்கும். "பந்தோபஸ்துக்கு நிக்கிற மனுஷனுக்கு ஒரு பந்தோபஸ்தும் கிடையாது" என்று சித்தி திட்டுவார். பெண் போலீஸாரின் பாடு இன்னும் கஷ்டம், ஒதுங்க இடம் இருக்காது. 2021 ஜூனில்தான், முதலமைச்சர் போகும் வழியில் சாலையோரப் பந்தோபஸ்துக்குப் பெண்களை நிறுத்த வேண்டாம் என்று டி.ஜி.பி. சுற்றறிக்கை வந்தது. அது எத்தனை பேருக்கு ஆறுதல் என்று அந்த வீடுகளுக்குத்தான் தெரியும்.

சித்தி ஒரே வாக்கியத்தில் இரண்டு பந்தோபஸ்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். காவலும் ஏற்பாடும். இந்த வட்டாரத்தின் கதையை அதை வைத்தே சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஏற்பாடு இல்லாமல் போகிற இடத்துக்குக் கொஞ்ச நாள் கழித்துக் காவல் வந்து சேர்கிறது.

2021 டிசம்பரில் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கூட இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று சரியான தகவல் கிடைக்கவில்லை. வதந்தி பரவியது. வேலை முடித்த பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பதினெட்டு, இருபது வயசுப் பெண்கள். முக்கால்வாசிப் பேர் வெளி மாவட்டம், முதல் தடவையாக வீட்டை விட்டு வந்தவர்கள். மணிக்கணக்கில் போக்குவரத்து நின்றது. எங்கள் வண்டிகளும் அந்த வரிசையில் நின்றன. மறுநாள் பேப்பரில் "பலத்த போலீஸ் பந்தோபஸ்து" என்று வந்தது. அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய பந்தோபஸ்து எது? சுத்தமான சமையல்கட்டு, போதுமான குளியலறை, ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள். அதற்கு ஆகிற செலவு, ஒரு ராத்திரி நெடுஞ்சாலை நின்றதால் ஆன நஷ்டத்துக்கு எந்த மூலை?

2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. தொழிலாளர்கள் ஊர்வலம் கிளம்பினால் கைது, பந்தலைப் பிரித்தால் மறுபடி கூடுவது என்று அந்த 37 நாளும் அந்தப் பக்கம் காக்கி நிற்காத நாளே இல்லை. அக்டோபர் நடுவில் பேச்சுவார்த்தையில் முடிந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பதிவு செய்வது, பேச உட்காருவது, எழுதி வைப்பது எல்லாம் பழைய பொருளில் பந்தோபஸ்துதான். அதை முதல் வாரத்திலேயே செய்திருக்கக் கூடாதா என்று எங்கள் பகுதியில் கேட்காதவர் இல்லை, சரக்கு ஏற்றுகிறவர்கள் உட்பட. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022-லிருந்து ஏகனாபுரத்தில் நடக்கும் போராட்டத்தையும் இந்த வரிசையிலேயே வைத்துப் பார்க்கிறேன். அங்கே நிலப் பந்தோபஸ்தும் போலீஸ் பந்தோபஸ்தும் ஒரே தெருவில் நேருக்கு நேர் நிற்கின்றன.

நல்லதும் நடக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டிய தொழிலாளர் குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17-ல் முதலமைச்சர் திறந்துவைத்தார். 18,720 பேர் தங்கலாம். பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த ராத்திரிக்கும் இந்தத் திறப்பு விழாவுக்கும் இடையில் மூன்று வருஷம்கூட ஆகவில்லை. பத்து மாடிக் கட்டடங்களின் பால்கனிகளில் வரிசையாகத் துணி காய்வதை அந்தச் சாலையில் போகும்போது பார்க்கலாம். இந்தி பேசும் பையன் சொன்ன பொருளில், இந்த வட்டாரம் சமீபத்தில் பார்த்த பெரிய பந்தோபஸ்து இதுதான்.

ஆனால் அது ஒரு கம்பெனியின் பெண்களுக்கு. மாத்தூர், வல்லம், பண்ருட்டிக் கண்டிகை, எழிச்சூர் பக்கத்து லைன் வீடுகளில், ஓர் அறைக்கு ஆறு பேர் எட்டு பேர் என்று ஷிஃப்ட் முறையில் பாயைப் பகிர்ந்துகொள்ளும் பையன்களுக்கு இன்னும் எதுவும் இல்லை. ஒருத்தன் எழுந்து வேலைக்குப் போனால்தான் இன்னொருத்தன் படுக்க முடியும். கம்பெனியில் புது லைன் ஒன்று தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே சார்ட் போடுகிறார்கள். மெஷின் எந்தத் துறைமுகத்தில் இறங்கும், எந்த கிரேன், எந்தத் தேதியில் டிரையல் என்று ஒவ்வொரு போல்ட்டும் அதில் இருக்கும். வருகிற ஆட்கள் எங்கே படுப்பார்கள், ராத்திரி ஷிஃப்ட் விட்டு வந்து எதைச் சாப்பிடுவார்கள் என்ற வரியையும் அதே சார்ட்டில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் பிளானிங் மீட்டிங்கில் கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன். மாத்தூரில் வாடகை என்ன, தண்ணீர் லாரி எந்தக் கிழமை வருகிறது, விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைக்கிற மெஸ் எத்தனை இருக்கிறது என்று மேஸ்திரியும் நானும் விசாரித்து வருகிறோம். அடுத்த மாதம் வரப்போகிற நாற்பது பேருக்கு முதலில் வேண்டியது ராத்திரி இரண்டு மணிக்குச் சூடான சாப்பாடு என்று பட்டியலின் தலையில் எழுதியிருக்கிறோம்.